முதலில் பாட்டு, அப்புறம் பேச்சு: தைவான் டிவியின் கதை

வணக்கம். தைவான் டிவியின் கேளிக்கை நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எல்லாவற்றையும் தொட நேரமில்லை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தீவில் டிவி முதலில் பாடியது. வாய்விட்டுப் பேச அதற்கு ரொம்ப காலம் பிடித்தது.

1962 அக்டோபரில் முதல் நிலையம் வந்தது. 1969-இல் இரண்டாவது, 1971-இல் மூன்றாவது. ஒன்றின் பின்னால் மாகாண அரசு, அடுத்ததன் பின்னால் ஆளும் கோமிங்டாங் கட்சி, மூன்றாவதன் பின்னால் ராணுவம். நாடே ராணுவச் சட்டத்தின் கீழ். அங்கே கேமரா முன் உட்கார்ந்து மனதில் பட்டதைச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? அதனால் பாட்டு. ஷென் ஜி, குவான் ஹுவாஷி தம்பதி நடத்திய ‘சுன்சிங் ஹுய்’ 1962 முதல் 1977 வரை ஓடியது. பாடகர்கள் வருவார்கள், பாடுவார்கள், போவார்கள்.

பாட்டுக்கும் கடிவாளம் இருந்தது, மறந்துவிடாதீர்கள். தீவில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழி. ஆனால் 1976-இல் வந்த ஒளிபரப்புச் சட்டம் அரசு மொழியான மாண்டரின் சீனத்துக்கே முதலிடம் தந்தது. மற்ற மொழிகளின் நேரத்தை வருஷா வருஷம் குறைக்கச் சொன்னது. பாட்டியின் மொழி டிவியில் கேட்காத வீடுகளை நினைத்துப் பாருங்கள்.

1987-இல் ராணுவச் சட்டம் போனது. அனுமதியில்லாமலே வீடு வீடாகக் கம்பி இழுத்து ஓடிக்கொண்டிருந்த கேபிளை மக்கள் ‘நாலாவது சேனல்’ என்றே அழைத்தார்கள். 1993-இல் அதற்கும் சட்டம் வந்தது. சேனல்கள் புற்றீசல் போலக் கிளம்பின. இரண்டேகால் கோடிப் பேர் உள்ள ஊரில் விளம்பரக் காசு எத்தனை சேனலுக்குத்தான் பங்கு போகும்? பெரிய மேடை, நடனக் குழு, வாத்தியக் கோஷ்டி எல்லாம் கட்டுப்படியாகவில்லை. ஒரு சோபா போடு, நாலு பேரை உட்கார வை, பேசவிடு. பேச்சுச் சுதந்திரம் வந்ததும் கைக்காசு கரைந்ததும் ஒரே காலத்தில் நடந்தன. இரண்டும் சேர்ந்துதான் தைவானின் பேச்சு நிகழ்ச்சியை உண்டாக்கின என்பது என் கணக்கு.

அதன் உச்சம் 2004 ஜனவரியில் தொடங்கிய ‘காங்ஷி லாய் லே’. சாய் காங்யோங், ஷூ ஷிடி இருவரும் தொகுப்பாளர்கள். சாய் நிதானமாக, படித்தவர் தோரணையில் ஊசி குத்துவார். ஷூ அம்மா எதற்கும் கூச்சப்படாமல் விருந்தாளியின் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார். விருந்தாளி எதிர்பாராத இடத்தில் இருவரும் கேள்விகளைப் பங்கு பிரித்துக்கொள்வார்கள், தப்பிக்க முடியாது.

இந்த மாதிரி நிகழ்ச்சிகளால் ஒரு புதுத் தொழிலே பிறந்தது. பாட வேண்டாம், நடிக்க வேண்டாம். சோபாவில் உட்கார்ந்து பழைய காதல், மாமியார் சண்டை, பேய் பார்த்த கதை என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர்கள். கதை நன்றாக இருந்தால் மறுபடி கூப்பிடுவார்கள். உடம்பையும் குரலையும் கேலி செய்து சிரிக்க வைத்த பகுதிகளும் உண்டு. அவற்றை இன்று பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் அந்த வாய்வீச்சு வேறு யாருக்கும் வராது.

சீனாவில் இளைஞர்கள் இணையத்தில் அதைத் தேடித் தேடிப் பார்த்தார்கள். பணமும் அந்தப் பக்கம் பெருகியது. தொகுப்பாளர்களும் தயாரிப்பாளர்களும் ஒவ்வொருவராக அங்கே வேலைக்குப் போனார்கள். 2015 அக்டோபரில் தான் விலகுவதை சாய் அறிவித்ததும் வெய்போ என்ற சீனத் தளத்தில்தான்.

நிகழ்ச்சியின் கடைசிப் பகுதி 2016 ஜனவரி 14 அன்று ஒளிபரப்பானது. மறுநாள், கொரியக் குழுவொன்றில் பாடும் ட்சூயூ என்ற பதினாறு வயது தைவான் பெண், கொரிய நிகழ்ச்சி ஒன்றில் தைவான் கொடியைக் கையில் பிடித்தது சீனாவில் கோபத்தைக் கிளப்பியதால் வீடியோவில் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டாள். கையில் ஒரு தாள். அதைப் பார்த்துத்தான் படித்தாள்.