தண்ணீர் சுடுகிறது, தரைதான் குளிர்கிறது

நேயர்களுக்கு வணக்கம்.

வாடகைக்கு வீடு பார்த்து அலைந்தவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாக இருக்கும்: "சுவரில் ஆணி மட்டும் அடிக்காதீர்கள்." சாவியைக் கையில் கொடுக்கும்போது ஒருமுறை சொல்வார்கள். வாசல்வரை வந்து இன்னொரு முறை சொல்வார்கள். நாங்கள் இப்போது இருப்பது ஏழாவது வீடு. திருவல்லிக்கேணியில் ஒரு போர்ஷனில் தொடங்கி, மேற்கு மாம்பலம், நங்கநல்லூர் என்று சுற்றிவிட்டு, பெரம்பூரில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடிக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். ஏழு வீட்டுக்காரர்களும் ஏழு குணம். ஆணி விஷயத்தில் மட்டும் ஏழு பேரும் ஒரே கட்சி.

ஆகவே ஆணி அடிக்காமல், டைல்ஸில் துளை போடாமல், வாடகை வீட்டுக் குளியலறையைக் கதகதப்பாக வைத்துக்கொள்வது எப்படி என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். "சென்னையில் குளிரா?" என்று இப்போது சிலர் சிரிப்பது எனக்குத் தெரியும். சித்திரை மாதத்தில் கேட்டால் நானும் சேர்ந்து சிரிப்பேன். இந்த ஊரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் நூறு வருடத்துக்கு முந்திய கதை. மார்கழி, தை விடியற்காலையில் பெரும்பாலும் 20, 21 டிகிரி இருக்கும். ஊட்டியில் இருப்பவர் இதைக் கேட்டால் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொள்வார். ஆனால் எண்பத்து நான்கு வயதில், நனைந்த உடம்போடு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஒருவருக்கு அந்த இருபத்தொரு டிகிரி என்ன செய்யும் என்பதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன்.

என் மாமியார் எங்களோடு இருக்கிறார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். விடிவதற்குமுன் குளித்துவிட வேண்டும் அவருக்கு. அதில் சமரசம் கிடையாது. இந்த வீட்டுக்கு வந்த முதல் மார்கழியில், குளித்துவிட்டு வெளியே வரும்போது அவருக்குத் தாடை கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. நான் கீசரின் சூட்டை ஏற்றினேன். மறுநாளும் அதே நடுக்கம். இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். மூன்றாம் நாள் அவரே சொன்னார்: "தண்ணீர் சுடத்தான் சுடுகிறது அம்மா. தரைதான் காலைத் தின்கிறது."

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள் நான். ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்று எத்தனை கரும்பலகைகளில் எழுதியிருப்பேன்! அது என் வீட்டுக் குளியலறைத் தரையிலேயே கிடந்தது எனக்குத் தெரியவில்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். பதினைந்து லிட்டர் கீசர் ஒன்று 22 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோகவும் ஏறக்குறைய அதே அளவுதான் வேண்டும். அதாவது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான மின்சாரம். ஐந்தடிக்கு எட்டடி குளியலறையில் கால் மில்லிமீட்டர் கனத்துக்கு நீர் படிந்து நின்றாலே அது ஒரு லிட்டர் ஆகிவிடும். அந்த ஈரம் காயும்வரை தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் காற்றிலிருந்தும் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாம் ஒருபக்கம் காசு கொடுத்துக் கீசரில் ஏற்றுகிற வெப்பத்தை, இன்னொரு பக்கம் தரை சத்தமில்லாமல் செலவழித்துவிடுகிறது. முந்தின இரவு துணி அலசிய ஈரம் மறுநாள் காலைவரை நிற்கும் வீடுகளில் இதுதான் நடக்கிறது.

எனவே என் முதல் வைத்தியம் வைப்பர். கடையில் கிடைக்கும் சாதாரண ரப்பர் வைப்பர். இரவில் கடைசியாகக் குளியலறையைப் பயன்படுத்துகிறவர் தரை முழுவதையும் ஒருமுறை இழுத்துவிட்டு, ஒரு பழைய துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கடைசி ஆள் என் மகன். அவனை இதற்குப் பழக்க இரண்டு மாதம் ஆயிற்று. எத்தனை இழுத்தாலும் ஒரு மூலையில் தண்ணீர் தேங்குகிறதா? கொத்தனார்கள் இதை "வாட்டம் சரியில்லை" என்பார்கள். வடிகாலை நோக்கிச் சரிய வேண்டிய தரை வேறெங்கோ சரிகிறது என்று பொருள். வாடகை வீட்டில் தரையைக் கொத்தி வாட்டம் எடுக்க முடியாது. அந்த மூலையில் வாளியை வைக்காமல், அங்கே குளிக்காமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

அடுத்தது கால் படும் இடம். டைல்ஸும் மரப்பலகையும் ஒரே அறையில் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. ஆனால் டைல்ஸ் பாதத்தின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும், மரம் மெதுவாகத்தான் வாங்கும். நம் பாட்டிமார் மணைமேல் உட்கார்ந்து குளித்ததைச் சாஸ்திரம் என்று நினைத்திருந்தேன். அத்தைக்காக ஒரு தச்சரிடம், சட்டங்களுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டு, ஒரு தாழ்வான பலகை செய்து வாங்கினோம். அடியில் நான்கு ரப்பர்க் குமிழ்கள். வழுக்காமல் இருப்பது சூட்டைவிட முக்கியம். பகலில் பலகையை பால்கனி வெயிலில் சாய்த்து வைத்துவிடுவேன். ஊறிய பலகை பாசி பிடித்தால் டைல்ஸைவிட மோசம். பலகை செய்ய முடியாதவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலியும், பாதத்தின் கீழே ஒரு ரப்பர் விரிப்பும் போதும்.

இனி காற்று. எங்கள் குளியலறை வடக்குச் சுவரில் இருக்கிறது. சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருக்கும் ஊர். புரட்டாசி முதல் வாரம் கழிந்தால் பங்குனி முதல் வாரம்வரை வடக்குச் சுவருக்குச் சூரியன் முகம் காட்டுவதே இல்லை. அதே மாதங்களில்தான் வாடை வீசுகிறது. வெயிலும் இல்லை, காற்றும் நேராக அடிக்கிறது என்றால் அந்தச் சுவர் வேறெப்படி இருக்கும்? அதோடு உச்சியில் கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய சன்னல் ஒன்று. அதில் இரண்டு பட்டைகள் எந்தக் காலத்திலோ உடைந்துபோனவை. குளிக்கும்போது முதுகில் ஊசி குத்துவது அந்த வழியாகத்தான்.

தெரு முனையில் கழற்றிப் போட்டிருந்த ஒரு கல்யாண பிளெக்ஸ் பலகையிலிருந்து சன்னல் அளவுக்குத் துணியை வெட்டி எடுத்தேன். மணமகனின் தோள்பட்டையும் "வருக வருக" என்பதில் ஒரு வருகவும் எங்கள் சன்னலுக்கு வந்தன. சுவரில் ஒட்டும் பட்டையால், மேல் ஓரத்தை மட்டும் ஒட்டித் திரைபோலத் தொங்கவிட்டிருக்கிறேன். குளிப்பதற்குமுன் இறக்கிவிட வேண்டும். குளித்து முடித்ததும் சுருட்டிக் கட்டிவிட்டு, எக்ஸாஸ்ட் விசிறி இருந்தால் அதையும் போட்டு, ஈரக் காற்றை வெளியே அனுப்ப வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். குளிக்கும்போது விசிறியை ஓடவிட்டுக் கதகதப்பைத் துரத்திவிட்டு, குளித்தபின் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஈரத்தைப் பூட்டி வைக்கிறார்கள். அப்புறம் சுவரில் கறுப்புப் பூஞ்சை வந்துவிட்டது என்று வீட்டுக்காரரோடு சண்டை.

ஒரு நிபந்தனை உண்டு. உங்கள் குளியலறைக்குள் எரிவாயு கீசர் இருந்தால் இந்தத் திரை வேலையே வேண்டாம். எரிவாயு எரிந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மயங்கி விழும்வரை ஒன்றும் தெரியாது. உண்மையில் அந்தக் கீசரின் இடம் குளியலறையே இல்லை, காற்றாடும் பால்கனி. தலைக்குக் குளித்துவிட்டுக் கரி நெருப்பில் சாம்பிராணி போடுவதையும் கதவைச் சாத்திய குளியலறைக்குள் செய்யாதீர்கள். அதுவும் அதே நஞ்சுதான், மணமாக வருகிறது என்பதுதான் வித்தியாசம். அறையைச் சூடாக்கும் மின்கணப்பை நீட்டிப்புக் கம்பியில் மாட்டிக் குளியலறைக்குள் கொண்டுபோகும் துணிச்சலைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

தண்ணீரில் ஒரு சங்கதி இருக்கிறது. பழைய திருவல்லிக்கேணி வீட்டில் கிணறு இருந்தது. மார்கழி விடியலில் இறைத்தால் தண்ணீர் வெதுவெதுப்பாக வரும். ஆண்டு முழுவதும் நிலத்தடியில் வெப்பம் அதிகம் மாறுவதில்லை என்பதுதான் காரணம். இன்று கிணறு இல்லாவிட்டாலும் அநேக அடுக்ககங்களில் நிலத்துக்கடியில் சம்ப் இருக்கிறது. மொட்டைமாடித் தொட்டியோ இரவெல்லாம் திறந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு சூட்டை இழந்து நிற்கிறது. இரவு பத்து மணிக்கு மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினால் விடியலில் குளிர்ந்த தண்ணீர் வரும். விடியற்காலை நாலரை மணிக்குப் போட்டால் சம்பின் வெதுவெதுப்பு கொஞ்சமாவது குழாய்க்கு வரும். எங்கள் காவலாளியிடம் இதை விளக்கியபோது, "நாலரைக்கு மோட்டார் போட்டால் கீழ் வீட்டு ஐயா எழுந்து வந்துவிடுவார் அம்மா" என்றார். கடைசியில் ஐந்தரை மணி என்று முடிவாயிற்று. அத்தை குளியலை முக்கால் மணி நேரம் தள்ளிப்போட்டார். எங்கள் வீட்டு வரலாற்றில் அது பெரிய விட்டுக்கொடுத்தல்.

கீசருக்கு வருகிறேன். பதினைந்து லிட்டர், இரண்டு கிலோவாட் கீசர் சூடாக இருபது நிமிடம் போதும். அதைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால் இரண்டு வாளி வெந்நீர் தேறும். இரவெல்லாம் போட்டு வைப்பதில் பயன் இல்லை. கீசர் இல்லாத வீட்டில் வாளிக்குள் போடும் இம்மர்ஷன் ராடுதான் கதி என்றால் ஒன்றை மறக்காதீர்கள்: சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் விரலை வைக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டவுடன் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் பாதுகாப்புக் கருவி உங்கள் வீட்டு மின்பெட்டியில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அதன் முகத்தில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். அழுத்தினால் மின்சாரம் சட்டென்று போக வேண்டும்.

அந்தக் கருவி இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று 2019 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் இணைப்பில் யார் எதைப் பழுதுபார்ப்பது என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள். வீட்டின் மின்கம்பி வேலை உரிமையாளர் தலையில். கீசர் பழுது, சன்னல் கண்ணாடி இவை குடியிருப்பவர் தலையில். ஆம், உடைந்த அந்தக் கண்ணாடிப் பட்டைகளுக்காக நான் வீட்டுக்காரரோடு வாதாடிக்கொண்டிருந்த வேளையில், பட்டியல் அவர் பக்கம் இருந்தது! உங்கள் ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். இரண்டு பட்டைகளையும் அளவு கொடுத்து வெட்டி வாங்கி நானே செருகினேன். ஆகும் செலவு நான் வாதாடிய நேரத்துக்குக்கூடக் காணாது.

கடைசியாக, குளிக்கும் முறை. வயதானவர்களுக்குக் குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும். உடனே கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விழுந்தால் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். தலை சுற்றுவது அதனால்தான். ஜப்பானில் குளிர்காலத்தில் முதியவர்கள் குளியல் தொட்டியிலேயே இறந்துபோவது பெரிய பிரச்சினை. ஆகவே அத்தை உள்ளே போவதற்குமுன் கதவைச் சாத்திக்கொண்டு வாளியில் வெந்நீரைப் பிடித்து வைத்துவிடுவேன். இரண்டு மூன்று நிமிடத்தில் அறை முழுவதும் ஆவி பரவிவிடும். ஈரமான காற்றில் உடம்பின் நீர் சீக்கிரம் ஆவியாகாது, அதனால் குளிரும் குறைவு. முதல் சொம்பு பாதத்துக்கு, அடுத்தது முழங்காலுக்கு, பிறகு தோளுக்கு. துண்டும் மாற்றுப் புடவையும் கைக்கெட்டும் இடத்தில், உள்ளேயே இருக்க வேண்டும். கதவைத் திறந்துகொண்டு ஈர உடம்போடு கூடத்துக்கு ஓடிவரும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டால், பாதிக் குளிர் அன்றைக்கே ஒழிந்துவிடும். துவட்டி, உடுத்திய பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைக்க வேண்டும். தாழ்ப்பாளையும் வயதானவர்கள் உள்ளே இருக்கும்போது போடாமல் இருப்பது நல்லது. அத்தை அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை.

மாசி பாதிக்கு மேல் போனதும் அந்த பிளெக்ஸ் திரையைக் கழற்றி, கழுவிக் காயவைத்துப் பரணில் போட்டுவிடுங்கள். அப்படியே விட்டால் பங்குனிக்குள் அதன் பின்னால் பல்லி குடும்பம் நடத்தத் தொடங்கிவிடும். வணக்கம்.