சிங்கராஜவில் கண்ணுக்கு முன்னே காது

வணக்கம், நேயர்களே. இலங்கையின் தென்மேற்கில் உள்ள சிங்கராஜ மழைக்காட்டில், குடாவ வாயில் வழியாக நுழைந்து வழிகாட்டியுடன் நடந்துகொண்டே உங்களோடு பேசுகிறேன்.

யால தேசியப் பூங்காவில் ஜீப்பில் அமர்ந்தபடி யானையையும் சிறுத்தையையும் பார்த்துப் பழகியவர்கள், இங்கே வெகுநேரம் எதுவுமே தென்படாமல் நடந்து சலித்துப்போவதுண்டு. ஆனால் காடு வெறுமையாக இல்லை. இங்குள்ள பறவையினங்கள் பலவும் ஒரே கூட்டமாகச் சேர்ந்து இரை தேடி நகர்கின்றன; அந்தக் கூட்டம் வந்து சேரும்வரை மரங்கள் ஓசையின்றி இருக்கும், வந்துவிட்டாலோ எந்தப் பக்கம் திரும்புவதென்றே தெரியாது.

சற்றுமுன் வழிகாட்டி கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்களின் ஓயாத சலசலப்பு அவருக்குத்தான் முதலில் கேட்டது. நம் ஊர்த் தவிட்டுக்குருவியின் உறவினமான இவையே கூட்டத்தின் மையம். இவை இலைகளைக் கிளறும்போது வெளிப்படும் பூச்சிகளை உடன் வரும் கொண்டைக் கரிச்சான் பிடித்துக்கொள்கிறது. இரைகொல்லிப் பறவை நெருங்கினால் முதலில் குரல் எழுப்பி எச்சரிப்பதும் அதுவே. பிற பறவைகளின் குரலை அப்படியே எழுப்பி அவற்றைத் தன்னருகே வரச்செய்யும் திறமும் அதற்கு உண்டு. பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவருடைய மாணவர்களும் 1980-களிலிருந்து ஆராய்ந்துவரும் இக்கூட்டங்களில் சராசரியாக ஏறத்தாழ 40 பறவைகள் இருக்கும். இன்று அவற்றுக்கிடையே, இலங்கைக்கே உரிய செம்முகப் பூங்குயிலும் நீண்ட வாலை இழுத்தபடி உச்சிக் கிளைகளில் சென்றது.

நாம் நிற்கும் இந்த அகலமான பாதை, 1970-களில் ஒட்டுப்பலகைக்காக மரம் வெட்டி ஏற்றிச் சென்ற வழி. மக்களின் எதிர்ப்பால் 1977-இல் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 1988-இல் இக்காடு உலக மரபுரிமையானது. அன்று நிறுத்தியிராவிட்டால் இன்று நான் காட்டுவதற்கு இங்கே எதுவும் இருந்திருக்காது.

அடுத்து, வழிகாட்டி விரல் நீட்டிய இடத்தில் எனக்குக் காய்ந்த இலைகள் மட்டுமே தெரிந்தன. அவை உண்மையில் ஒன்றையொன்று ஒட்டி உறங்கும் இரண்டு தவளைவாயன் பறவைகள். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழும் இவ்வினத்தைப் பகலில் தனியாகத் தேடிக் கண்டுபிடிப்பது மிக அரிது. இங்குள்ள செரண்டிப் ஆந்தையின் வரலாறும் காதின் பெருமையையே காட்டுகிறது: பறவை ஆய்வாளர் தீபால் வாரகாகொட 1995-இல் அதன் குரலைக் கேட்டார், நேரில் கண்டது 2001-இல்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பறவையை வரவழைக்க அதன் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிடுமாறு வழிகாட்டியைக் கேட்காதீர்கள். தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டதென எண்ணி, இரை தேடவும் குஞ்சு காக்கவும் வேண்டிய நேரத்தை, இல்லாத எதிரியைத் தேடுவதில் அது வீணாக்கிவிடும். அட்டைகளுக்காக நீண்ட காலுறையும் மழைக்கு ஒரு மேலங்கியும் எடுத்துக்கொண்டு, வாயில் திறக்கும் வேளையிலேயே வந்துவிடுங்கள்.