ஞானத்துக்கு எத்தனையாவது லெவல்?

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்திருக்கிற என் நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைக் கடற்கரைக்குக் கொடுக்காமல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்களுக்குக் கொடுத்திருக்கிற அத்தனை பேருக்கும் வணக்கம்.

'கற்பனை உலக ஆட்டத்தில் பௌத்தம் சொல்லும் ஞானம் என்பது கதாபாத்திரம் எட்டுகிற உச்ச லெவலா, ஆட்டத்தை விட்டு எழுந்து போவதா?' இதுதான் தலைப்பு. உச்ச லெவல்தான் என்று எதிரணி சொல்லிவிட்டது. எழுந்து போவதுதான் என்று சொல்ல நான் நிற்கிறேன்.

முன்வரிசையில் இருக்கிற பெரியவர்களுக்காக ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, முடிவு தெரியாத இடத்தில் பகடை உருட்டி, ஒரு கதையை மாதக்கணக்கில் நடத்திக்கொண்டு போகிற ஆட்டம் இது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று 1974இல் அமெரிக்காவில் அச்சில் வந்தது. கதாபாத்திரம் ஆட ஆடப் பலம் கூடி ஏறுகிற படிக்கு லெவல் என்று பெயர். உலகத்தை நடத்துகிறவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். எங்கள் மேசையில் அந்த நாற்காலி என்னுடையது.

எதிரணித் தோழி நன்றாகத்தான் பேசினார். பௌத்தத்திலேயே நான்கு படிகள் இருக்கின்றன, அப்புறம் லெவல் வைப்பதில் என்ன தப்பு என்று கேட்டார். ஞானிகளுக்குப் பறக்கிற சக்தி உண்டு என்று அவர்கள் நூல்களே சொல்கின்றன, அதை ஏன் பரிசாகக் கொடுக்கக் கூடாது என்றார். பரிசே இல்லாத ஆட்டத்தை எவர் ஆடுவார் என்றும் கேட்டு கைத்தட்டல் வாங்கிக்கொண்டு போனார்.

முதலில் அந்த நான்கு படி. சோதாபன்னர், சகதாகாமி, அனாகாமி, அரஹந்தர். சரி, படிதான். ஆனால் எதை வைத்து அளக்கிறார்கள் என்று பாருங்கள். மனிதனைக் கட்டியிருக்கிற தளைகள் பத்து என்று கணக்கு. 'நான்' என்று நிலையாக ஒன்று இருக்கிறது என்ற பார்வை, ஐயம், சடங்கும் நோன்புமே போதும் என்ற பிடிப்பு, இந்த மூன்றும் அறுந்தால் அவர் சோதாபன்னர், அதாவது நீரோட்டத்தில் இறங்கிவிட்டவர். காமமும் வெறுப்பும் மெலிந்தால் சகதாகாமி. அந்த இரண்டும் முழுதாக அறுந்தால் அனாகாமி. செருக்கு, மனக்கலக்கம், பேதைமை உட்பட மிச்சம் ஐந்தும் போனால் அரஹந்தர். நடுவர் அவர்களே, இதில் எந்த இடத்திலாவது ஒன்று கூடியிருக்கிறதா? பத்தில் மூன்று போனது, ஐந்து போனது, பத்தும் போனது. நாம் ஆடுகிற ஆட்டத்தில் லெவல் ஏறினால், கதாபாத்திரத்தின் தாளில் புதிதாகக் கிடைத்ததை எழுதுவோம். இங்கே ரப்பர் எடுத்து அழிக்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் தடவை என் உலகத்தில் ஞானத்தை உச்ச லெவலான இருபதாவதில்தான் வைத்தேன். ஒரு நண்பருடைய துறவிக் கதாபாத்திரம் எட்டு மாதம் ஆடி அதை எட்டியது, பறந்தது, மேசையே ஆரவாரம் செய்தது. அடுத்த வாரம் அதே துறவி, ஒளிந்துகொண்ட ஒரு எதிரி மேல் இருந்த கோபத்தில் ஒரு கிராமத்தின் நெற்களஞ்சியத்தைக் கொளுத்தினான். நான் எழுதிய விதிப்படி அதில் ஒரு குறையும் இல்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் அந்த ஞானிக்கு நான் எல்லாம் கொடுத்திருக்கிறேன், எதையும் எடுக்கவில்லை.

ஆட்டத்தை வெளியிட்ட பெரிய கம்பெனி எழுதியதிலும் இதே சிக்கல்தான். 1978இல் வந்த அந்த ஆட்டத்தின் விதிநூலில் 'நிர்வாணா' என்று ஓர் உலகம் உண்டு. சட்டமும் ஒழுங்கும் மட்டுமே ஆளுகிற இடம். பிற்பாடு அதைப் பிரம்மாண்டமான பல்சக்கரங்கள் சுழலும் உலகமாக விவரித்தார்கள், அப்புறம் பெயரையும் மெக்கானஸ் என்று மாற்றினார்கள். மாற்றியது நல்லது. விளக்குச் சுடர் அணைவதைச் சொல்லும் ஒரு சொல்லை, போய் இறங்குகிற ஊருக்குப் பெயராக வைக்க முடியாது. 2014 பதிப்பில் துறவி வகைக் கதாபாத்திரம் இருபதாவது லெவலைத் தொட்டால் 'முழுமையான தன்னிலை' என்கிற பொருளில் ஒரு வரம் கிடைக்கும். சண்டை தொடங்கும்போது கையில் சக்திப் புள்ளி ஒன்றும் மிச்சமில்லை என்றால் நாலு புள்ளி திரும்ப வரும். உச்சத்தில் கிடைப்பதும் சண்டைக்குத்தான் போகிறது, அதுவும் 'தன்னிலை' என்ற பெயரில்.

அடுத்தது சக்தி. நீரில் நடப்பது, வானில் பறப்பது, சுவருக்குள் புகுவது எல்லாம் பாலி நூல்களில் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ராஜகிருகத்துக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு செல்வர் சந்தனக் கிண்ணம் ஒன்றை உயரத்தில் தொங்கவிட்டு, சக்தி இருக்கிறவர் எடுத்துக்கொள்ளலாம் என்றார். பிண்டோல பாரத்வாஜர் என்கிற பிக்கு பறந்து போய் எடுத்தார், ஊரே பின்னால் கூச்சலிட்டுக்கொண்டு வந்தது. நம் ஆட்டத்தில் இதற்கு எத்தனை எக்ஸ்பி, அதாவது லெவல் ஏற வைக்கும் அனுபவப் புள்ளி, கொடுத்திருப்போம்! புத்தர் அவரைக் கண்டித்தார், இல்லறத்தார் முன்னால் சித்தி காட்டுவது குற்றம் என்று விதி செய்தார், கிண்ணத்தை உடைக்கச் சொன்னார். எட்டாத ஞானநிலையை எட்டிவிட்டதாகத் தெரிந்தே பொய் சொல்கிற பிக்குவுக்குச் சங்கத்தில் இடமே கிடையாது என்பதும் விதி. ஆட்டம் எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல விதி எங்கே கிடைக்கும்?

இதற்கெல்லாம் ராஜகிருகம் இருக்கிற மகதம் வரைக்கும்கூடப் போக வேண்டாம். நம் கடற்கரையிலேயே தெற்கே போனால் காவிரிப்பூம்பட்டினம். மணிமேகலைக்கு வேற்றுரு எடுக்க, வானில் செல்ல, பசியைத் தாங்க என்று மந்திரங்கள் கிடைப்பது முப்பது காதைகளில் பத்தாவதில். கதை முடிகிற இடத்தில் இல்லை. அடுத்த காதையில் அமுதசுரபி வருகிறது, அதை வைத்து ஊருக்குச் சோறு போடுகிறாள். வேற்றுரு மந்திரம் என்ன செய்தது? காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தில் இருந்த மணிமேகலையைத் தன் மனைவி என்றே நம்பிய காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், அவள் பின்னால் வந்த இளவரசன் உதயகுமாரனை வாளால் வெட்டினான். சக்தி வந்ததால் ஓர் உயிர் போயிற்று. முப்பதாவது காதையில் அவள் எங்கும் பறக்கவில்லை. காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் முன்னால் உட்கார்ந்து, பேதைமையில் தொடங்கி வினைப்பயன் வரை பிறவிச் சங்கிலியின் பன்னிரண்டு கண்ணிகளையும் கேட்கிறாள், பிறவி அறுக என்று நோன்பு ஏற்கிறாள். முதலில் சக்தி, கடைசியில் விடுதலை என்று சாத்தனாரே வரிசையைப் போட்டுக் கொடுத்துவிட்டார், நமக்கு என்ன குழப்பம்?

பரிசு இல்லாமல் யார் ஆடுவார் என்ற கேள்விக்கு என் மேசையைத்தான் காட்ட முடியும். களஞ்சியம் எரிந்த பிறகு விதியை மாற்றினேன். ஒவ்வொருவர் தாளிலும் பத்துத் தளை, ஒவ்வொன்றுக்கும் ஒரு லாபம். வெறுப்பு இருந்தால் அடிக்கு நாலு கூடுதல். அழிப்பது அவரவர் விருப்பம், அழித்தால் லாபம் போய்விடும். முதல் மூன்றை அழித்தவர் செத்தால் புதுப் பிறவி எடுக்கலாம், ஆனால் மிஞ்சிப் போனால் ஏழு, சோதாபன்னருக்கு நூல் சொல்கிற அதே ஏழு. அழித்தது அழித்ததாகவே அடுத்த தாளுக்கு வரும். எங்கள் குழுவில் ஒரு தங்கை வெறுப்பை அழிக்க மூன்று வாரம் யோசித்தாள். அந்த நாலு இல்லாவிட்டால் தோழர்களைக் காப்பாற்ற முடியாதோ என்ற பயம். நான்காவது வாரம், தன் குடும்பத்தைக் கொன்றவன் முன்னால் நின்றபோது, பகடையைக் கையில் எடுத்து, உருட்டாமல் மேசையில் வைத்துவிட்டு, ரப்பரைக் கேட்டாள். ஒருவரும் பேசவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்காக என் மேசைக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

ஆற்றைக் கடந்தவன் தெப்பத்தைத் தலையில் சுமந்துகொண்டு ஊருக்குள் நடப்பானா என்று புத்தர் கேட்டார். கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் ஊரையே வைத்திருக்கிற நமக்கு இது புரியாதா? தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் படகு வருவதற்கு முந்தி, கட்டுமரம் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயப்போடுவார்கள். மறுநாள் திரும்பக் கட்டுவார்கள், உண்மை, அது பிழைப்பு. புத்தர் சொன்ன ஆள் திரும்பக் கட்ட வேண்டியதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு என்னிடம் ஒரே கேள்வி. புத்தரை எதிர்த்த பிக்கு தேவதத்தனுக்கும் சித்திகள் இருந்தன. உடம்பெல்லாம் பாம்பு சுற்றிய சிறுவனாக உருமாறி மகத இளவரசன் அஜாதசத்துருவையே மயக்கியவன், அப்புறம் புத்தர் மேல் பாறையை உருட்டிவிட்டவன். உங்கள் ஆட்டத்தில் அவனுக்கு எத்தனையாவது லெவல் கொடுப்பீர்கள்? பதிலுக்காக உட்காருகிறேன். வணக்கம்.