நாடோடிகள் காத்த பாட்டு

வணக்கம் நேயர்களே. ஸ்காட்லாந்தின் கிராமத்துப் பாட்டுகளை உண்மையில் காப்பாற்றியது யார் என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

வடகிழக்கே அபர்டீன்ஷயர் பக்கம், 19-ஆம் நூற்றாண்டில் பண்ணையாட்களைச் சந்தையில்தான் பேசி அமர்த்துவார்கள். பெரும்பாலும் ஆறு மாத ஒப்பந்தம். கல்யாணமாகாத ஆட்கள் பண்ணைக் கொட்டகையிலேயே தங்கிக்கொள்வார்கள். ராத்திரியில் அங்கே பாட்டுக் கட்டுவார்கள்: பண்ணைக்காரரின் கஞ்சத்தனம், வாய்க்கு விளங்காத சாப்பாடு, இழுக்க முடியாத கிழட்டுக் குதிரை. எல்லாம் டோரிக் என்ற அவர்களுடைய வட்டார வழக்கில். எந்தப் பண்ணைக்குப் போகக் கூடாது என்று அடுத்தவனுக்கு அந்தப் பாட்டே சொல்லிவிடும்.

கேவின் கிரெய்க் என்ற பள்ளி ஆசிரியரும் ஜேம்ஸ் டங்கன் என்ற போதகரும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வட்டாரத்தில் 3,000-க்கும் மேற்பட்ட பாடல்களைச் சேர்த்தார்கள். மெட்டுகளையும் எழுதி வைத்தார்கள். மலைக்க வைக்கும் உழைப்பு! ஆனால் எட்டுத் தொகுதிகளும் அச்சில் வந்து முடிய 2002 ஆகிவிட்டது.

அச்சு மட்டும் போதுமா? கிரெய்க்கும் டங்கனும் பாட்டுச் சேர்ப்பதற்கு நூறு வருஷம் முன்பே, தெற்கு ஸ்காட்லாந்தின் எட்ரிக் பகுதியைச் சேர்ந்த மார்கரெட் லெய்ட்லா என்ற அம்மா, தன் பாட்டுகளை அச்சிட்ட எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டிடம் நேருக்கு நேராகவே குறைப்பட்டுக்கொண்டாராம். பாடுவதற்கென்று பிறந்ததைப் படிப்பதற்கென்று ஆக்கிக் கெடுத்துவிட்டீர்களே என்று. அந்த அம்மா பக்கம்தான் நான். வட்டாரப் பேச்சின் இழுப்பும் மூச்சும் காகிதத்தில் ஏறாது.

குரலையே பிடித்து வைக்கும் வேலை 1951-இல் சூடுபிடித்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி தொடங்கிய வருஷம் அது. அங்கே இருந்த ஹேமிஷ் ஹெண்டர்சன், ஒலிப்பதிவுக் கருவியோடு பிளேர்கவ்ரியின் பழத் தோட்டங்களுக்குப் போனார். கோடையில் ராஸ்பெரி பறிக்க வந்து கூடாரம் போடுகிற நாடோடிக் குடும்பங்களோடு உட்கார்ந்தார். ஊர் ஒதுக்கி வைத்த ஜனங்கள் அவர்கள். பழைய கதைப்பாடல்கள் செத்துப்போய்விட்டதாகப் படித்தவர்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்க, அவை இவர்கள் வாயில் உயிரோடு இருந்தன. அந்த மரபில் வந்த ஜீனி ராபர்ட்சனை 1953-இல் அபர்டீனில் கண்டார். தாயிடம் கேட்டுக் கற்ற பாட்டுகள் அந்த அம்மாவிடம் ஏராளம்.

இவ்வளவு வளமான பேச்சைப் பள்ளிக்கூடத்தில் பேசினால் பிள்ளைகளுக்கு அடி விழுந்தது என்பதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. 2011 கணக்கெடுப்பில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், டோரிக் வழக்கும் அடங்கிய ஸ்காட்ஸ் மொழியைப் பேசுவோம் என்றார்கள். 2025-இல் சட்டம் அதற்கு அதிகாரபூர்வ நிலை தந்தது. சரி, நல்லதுதான். ஆனால் வகுப்பறையில் ஒரு டோரிக் பாட்டாவது வாரந்தோறும் ஒலிக்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்தப் பழைய ஒலிப்பதிவுகளை, தோபர் அன் துவல்கஷ் என்ற இணையக் காப்பகத்தில் யாரும் இலவசமாகக் கேட்கலாம். ஜீனி ராபர்ட்சனிடமிருந்து தொடங்குங்கள். வணக்கம்.