அறுபதாவது வினாடியில் ஒட்டிய பாட்டு

நடுவர் அவர்களே, எதிரணி அன்பர்களே, அவையில இருக்கிற பெரியவங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தோட பீட்டில்ஸ் இசைக்குழு பாடின ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ இன்னைக்கும் நிலைச்சு நிக்கிறதுக்குக் காரணம், அதை எழுதிப் பாடின ஜான் லெனனோட மனசா, லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடமா? இதுதான் தலைப்பு. நான் கூடத்தோட பக்கம். மனசுதான்னு எனக்கு முன்னால பேசின அக்கா ரொம்ப உருக்கமா சொன்னாங்க. லிவர்பூல்ல வுல்ட்டன் பகுதி, அங்க சால்வேஷன் ஆர்மி நடத்தின ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்’ங்கிற குழந்தைகள் இல்லம், கோடையில அந்தத் தோட்டத்துல நடக்கிற விழா. பேண்டு சத்தம் காதுல விழுந்ததும் “சீக்கிரம் வாங்க, நேரமாச்சு”ன்னு மிமி பெரியம்மாகிட்ட குதிக்கிற சின்னப் பையன். அம்மாகூட இருக்கக் கொடுத்து வைக்காம பெரியம்மா வீட்டுல வளர்ந்த அந்தப் பையனோட ஏக்கம்தான் இந்தப் பாட்டுன்னாங்க.

அக்கா, இதுல ஒரு எழுத்தைக்கூட நான் மறுக்கல. 1966ல ஒரு படத்துல நடிக்க ஸ்பெயின்ல அல்மேரியாவுக்குப் போன லெனன், படப்பிடிப்பு இடைவெளியில உட்கார்ந்து எழுத ஆரம்பிச்ச பாட்டு இது. வரி அவரோடது, மெட்டு அவரோடது, வலியும் அவரோடது. ஆனா சின்ன வயசு ஏக்கத்தைப் பாட்டா எழுதினவங்க உலகத்துல எத்தனையோ பேர் இருக்காங்க. இந்த ஒரு பாட்டைக் கேட்டா மட்டும் காலுக்குக் கீழே தரை நழுவுற மாதிரி இருக்கே, அது எங்கிருந்து வந்தது? வழக்கு அதுலதான் இருக்கு நடுவர் அவர்களே.

1966 ஆகஸ்ட் 29, சான் பிரான்சிஸ்கோ கேண்டில்ஸ்டிக் பார்க். அதோட பீட்டில்ஸ் கச்சேரிப் பயணத்தையே நிறுத்திட்டாங்க. ரசிகர்கள் போட்ட கூச்சல்ல அவங்க வாசிக்கிறது அவங்களுக்கே கேட்காத காலம் அது. நவம்பர் 24ஆம் தேதி அபே ரோடுக்குள்ள போறாங்க. மேடைக்குன்னு இல்லாம, ஒலிநாடாவுக்குன்னே ஒரு பாட்டு உருவாகுது. இதை பீட்டில்ஸ் கடைசி வரைக்கும் ஒரு மேடையிலகூட பாடினதில்லை.

தொடக்கத்துல ஒரு புல்லாங்குழல் கேட்குதே, நினைவிருக்கா? அந்தக் கூடத்துல அன்னைக்குப் புல்லாங்குழல்காரர் யாருமே இல்லை. அது மெல்லோட்ரான்ங்கிற பெட்டி. ஆர்மோனியம் மாதிரி கட்டைகள் இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நாடாத் துண்டு, அந்த நாடாவுல நிஜப் புல்லாங்குழலோட ஒரு சுரம் பதிஞ்சிருக்கும். கட்டையை அழுத்தினா நாடா ஓடும். சில வினாடியில தீர்ந்துடும். விரலை எடுத்தா பழைய இடத்துக்கே திரும்பிடும். வாசிச்சவர் குழுவுல இன்னொருத்தரான பால் மெக்கார்ட்னி. நாடா ஓடுறதுல வர்ற லேசான தள்ளாட்டம் இருக்கு பாருங்க, அதைக் கேட்டதுமே பழைய நினைவுக்குள்ள காலை வைக்கிற மாதிரி ஆயிடுது. லெனன் இதை கிட்டார்ல பாடிப் பார்த்தப்போ அந்தத் தள்ளாட்டம் கிடையாது.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்த இடம். அந்தச் சில வாரத்துல பாட்டு ரெண்டு வடிவம் எடுத்தது. முதலாவது மெதுவானது, மென்மையானது, ஏழாவது டேக், அதாவது ஏழாவது முறை வாசிச்சு எடுத்த பதிவு. லெனனுக்கு மனசு நிறையல. திரும்பப் பண்ணலாம்ன்னார். டிசம்பர்ல ரெண்டாவது வடிவம், இருபத்தாறாவது டேக். வேகமானது, முரட்டு டிரம்ஸ். சிம்பல் சத்தத்தைப் பின்னோக்கி ஓட விட்டிருக்காங்க. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் எழுதிக் கொடுத்த குறிப்பை வச்சு நாலு டிரம்பெட்டும் மூணு செல்லோவும் வாசிச்சாங்க. அந்த வருஷம்தான் இந்தியாவுக்கு வந்து ரவி ஷங்கர்கிட்ட கத்துக்கிட்டுப் போன குழுவோட கிட்டார்காரர் ஜார்ஜ் ஹாரிசன், ஸ்வரமண்டலை மீட்டினார். இந்துஸ்தானிப் பாடகர்கள் மடியில வச்சு மீட்டுவாங்களே, அதே ஸ்வரமண்டல்தான்.

ரெண்டையும் கேட்ட லெனன், “முதலாவதுல தொடக்கம் பிடிச்சிருக்கு, ரெண்டாவதுல முடிவு பிடிச்சிருக்கு, சேர்த்துடுங்க”ங்கிற மாதிரி சொன்னார். மார்ட்டின் திகைச்சுப் போனார். ரெண்டும் வேற வேற சுருதி, வேற வேற வேகம். “உங்களால முடியும், பார்த்துக்குங்க”ன்னு பொறுப்பை அவர்கிட்டயே விட்டுட்டார் லெனன்.

இங்க வந்து யோசனை லெனனோடதுதானேன்னு எதிரணி கேட்கலாம். கேட்கட்டும். வேற வேற சுருதியில பாடின ரெண்டு பதிவை ஒண்ணாக்குன்னு சொல்றது சுலபம், அதைச் செஞ்சு காட்டுறவங்க யாரு?

டிசம்பர் 22. மார்ட்டினும், 21 வயசு ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக்கும் நாடாவோட உட்கார்றாங்க. இன்னைக்கு கம்ப்யூட்டர்ல சுருதியைத் தனியா, வேகத்தைத் தனியா மாத்தலாம். அன்னைக்கு ஒலிநாடாவுல ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணும் மாறும். நாடாவை மெதுவா ஓட்டினா தாளமும் தளரும், சுருதியும் இறங்கும். ரெண்டாவது வடிவம் வேகமாவும் இருந்தது, மேல் சுருதியிலயும் இருந்தது. அதை மெதுவாக்கி, முதலாவதைக் கொஞ்சம் முடுக்கினா, ரெண்டும் ஒரே இடத்துல வந்து உட்கார்ந்தது! அதிர்ஷ்டம்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். ஆனா அந்த அதிர்ஷ்டத்தைத் தேடிக் கண்டுபிடிச்ச காது அந்தக் கூடத்துல இருந்தது. நாடாவை வெட்டி ஒட்டினாங்க. அந்த ஒட்டு பாட்டோட அறுபதாவது வினாடியில, ரெண்டாவது முறை பல்லவி வர்ற இடத்துல இருக்கு.

அதனால நடந்த இன்னொண்ணையும் கேளுங்க. வேகமா ஓடினதை மெதுவாக்கினதால லெனன் குரல் தடிச்சு, தூக்கக் கலக்கத்துல பேசுற மாதிரி ஆயிடுச்சு. எதிரணியில தம்பி ஒருத்தர், அந்த மயக்கம் எல்எஸ்டி போதையிலருந்து வந்ததுன்னார். லெனன் அதைப் பயன்படுத்தினது உண்மைதான், அவரே சொல்லியிருக்கார். ஆனா தம்பி, அந்தக் காலத்துல லண்டன்லயும் சான் பிரான்சிஸ்கோவிலயும் அதைச் சாப்பிட்டவங்களுக்குக் கணக்கே இல்லை. அத்தனை பேரும் இப்படி ஒரு பாட்டைக் கொடுத்தாங்களா? நீங்க கேட்டுச் சொக்கிப்போற அந்த மயக்கத்துல பெரிய பங்கு நாடாவோட வேகத்துக்கு இருக்கு.

1967 பிப்ரவரியில குழுவோட இன்னொரு பாட்டான ‘பென்னி லேன்’கூட ஒரே இசைத்தட்டுல வெளிவந்தது. பிரிட்டன்ல ரெண்டாவது இடம்தான். முதலிடத்தை விடாம பிடிச்சிருந்தது எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் பாடின ‘ரிலீஸ் மீ’. அவர் 1936ல பிறந்தது நம்ம மெட்ராஸ்லங்கிறது சொல்லாம விட மனசு வரல. வர இருந்த ‘சார்ஜன்ட் பெப்பர்’ ஆல்பத்துக்காக ஆரம்பிச்ச இந்த ரெண்டு பாட்டையும் அதுல சேர்க்காம விட்டது தன் தொழில் வாழ்க்கையோட பெரிய தப்புன்னு மார்ட்டின் பின்னால வருத்தப்பட்டார். அந்த ஆல்பத்துக்குப் பாதை போட்டது இந்தப் பதிவுதான். கூடத்தையே ஒரு வாத்தியமா வாசிக்கலாம்ங்கிற துணிச்சல் இதுக்கப்புறம் எத்தனை குழுக்களுக்கு வந்தது! 1969ல வந்த கிங் கிரிம்சன்ங்கிற ராக் குழுவோட முதல் ஆல்பத்துலயும் மெல்லோட்ரான் கேட்கும்.

இன்னைக்கு லிவர்பூல்ல அந்த இல்லத்துச் சிவப்புக் கேட்டைப் பார்க்க உலகமெங்கும் இருந்து ஆளுங்க வர்றாங்க. நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல லெனன் நினைவிடத்துக்கே ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்’னுதான் பேரு, 1985ல திறந்தது. அத்தனை பேரையும் அங்க வரவச்சது, வெட்டி ஒட்டின அந்த நாடாவுல கேட்ட பாட்டு.

கடைசியா ஒண்ணு. லெனன் பிற்காலத்துல எல்லாப் பாட்டையும் திரும்பப் பதிவு பண்ணணும்னு மார்ட்டின்கிட்ட சொன்னார், ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸைக்கூடவான்னு கேட்டதுக்கு, அதைத்தான் முக்கியமான்னார். எழுதினவருக்கே கூடம் செஞ்சது திருப்தியில்லன்னு எதிரணி வாதம் வச்சாங்க. அவர் மனசுல கேட்ட பாட்டு வேறயா இருந்திருக்கலாம். அது நமக்குக் கிடைக்கல நடுவர் அவர்களே, அதுக்காக எனக்கும் ஏக்கம் உண்டு. ஆனா நாம தீர்ப்புச் சொல்ல வேண்டியது நிலைச்சு நிக்கிற பாட்டைப் பத்தி. 1996ல வந்த ‘ஆந்தாலஜி 2’ங்கிற பீட்டில்ஸ் தொகுப்புல அவர் வீட்டுல தனியா பாடிப் பார்த்த பதிவும், முதல் டேக்கும், ஏழாவது டேக்கும் இருக்கு. அதை ஒரு தடவை கேளுங்க. உடனே வெளிவந்த தட்டைக் கேளுங்க. செல்லோ உள்ள வர்ற அந்த இடத்துல உங்களுக்கு என்ன ஆகுதோ, அதை வச்சே தீர்ப்பை எழுதுங்க.

நன்றி, வணக்கம்.