வாசலில் இறக்கிவிட்டுப் போகாதீர்கள், நீங்களும் உள்ளே வாருங்கள்

வணக்கம் வானொலி நேயர்களே. பசியாறிக்கொண்டே கேட்பவர்கள் இருப்பீர்கள், பிள்ளைகளை டியூஷனுக்கு ஏற்றிக்கொண்டு காரில் போகிறவர்களும் இருப்பீர்கள். காரில் போகிறவர்களிடம்தான் இன்றைக்கு எனக்கு முக்கியமான பேச்சு. நூலகத்தில் சிறுவர் கதை நேரம் என்று அறிவிப்பு வருகிறது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள், ரொம்ப நல்லது. ஆனால் வாசலில் இறக்கிவிட்டு, "பன்னிரண்டு மணிக்கு வரேன், இங்கேயே நில்லு" என்று சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறீர்கள். அது வேண்டாம். நீங்களும் உள்ளே வந்து உட்காருங்கள். இந்த ஒன்றைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, சனிக்கிழமைக் காலைகளில் நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லப் போகிறேன். எங்கள் ஊரைச் சுற்றித் தோட்டங்கள்தான், எல்பில், டோவன்பி, ஹீவுட் என்று பெயர் சொன்னாலே பேராக் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தெரியும். ரப்பர்ப் பால் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்கள் பல தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டன, அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் பிள்ளையைப் பார்ப்பது பாட்டிதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நூலகத்துக்குப் பிள்ளையைக் கூட்டி வருகிறவரும் பல நேரம் அந்தப் பாட்டிதான்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? 1912-இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் தோட்ட நிர்வாகம் ஒரு பள்ளி வைக்க வேண்டும் என்றது. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையை ஒட்டி ஒரு கொட்டகை, ஒரே வாத்தியார், பல இடங்களில் அவ்வளவுதான். புத்தகம் வாங்கி அடுக்கி வைத்ததெல்லாம் நம் ஆட்களே செய்துகொண்டது. மணிமன்றம் என்றும் படிப்பகம் என்றும் இளைஞர்கள் நடத்தினார்கள். தமிழ் நேசன் 1924-இலிருந்து வந்தது, தமிழ் முரசு 1935-இலிருந்து. ஒரு பத்திரிகையை ஒருவர் சத்தமாக வாசிக்க, எழுத்துத் தெரியாத பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள், கேட்டுவிட்டுச் சும்மா போகமாட்டார்கள், விவாதம் நடக்கும். எங்கள் லயத்தில் அப்பா வாசிப்பார், தாத்தா மறுத்துப் பேசுவார், நாங்கள் பிள்ளைகள் அவர்கள் காலடியில் கிடப்போம். வாசிப்பு என்பது பெரியவர்கள் ஆசைப்பட்டுச் செய்கிற காரியம் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை, பார்த்தோம், ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு நாம் பிள்ளையிடம் "போய்ப் படி" என்கிறோம், நம் கையில் கைப்பேசி இருக்கிறது. பிள்ளை எதைப் பார்த்துப் படிக்கும், சொல்லுங்கள்.

ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் நீளும். பேரனைக் கூட்டி வந்து விட்டுவிட்டு, வெளியே நாற்காலியில் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். உள்ளே வாங்க அக்கா என்றால், "எனக்கு எழுத்துத் தெரியாது டீச்சர், நான் இங்கேயே இருக்கேன்" என்பார். ஒரு நாள் நல்ல மழை, சாரல் அடிக்கிறது, கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து பின்னால் உட்கார வைத்தேன். அன்றைக்கு என் கையில் ஒரு மலாய்ப் படப் புத்தகம், பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் பால் மரத் தோட்டம், ஓர் ஆள் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் வெட்டுகிறார், தலைக்கு மேலே பெரிய மஞ்சள் சூரியன். பின்னாலிருந்து ஒரு குரல்: "உச்சி வெயில்ல எவன் பால் வெட்டுவான்?"

பிள்ளைகள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். நான் புத்தகத்தை மூடிவிட்டு, நீங்களே சொல்லுங்கக்கா என்றேன். முதலில் கூச்சம், அப்புறம் எழுந்து நின்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார். விடியும் முன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போய் நிற்க வேண்டும், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் நுழைய வேண்டும், குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். கத்தி பிடிக்கிற விதத்தைக் கையில் ஒரு பேனாவை வைத்துக் காட்டினார். இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்வாக இழுக்க வேண்டும், பட்டை மெல்லிசாகச் சீவி வர வேண்டும், ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டால் மரத்துக்குக் காயம், பிறகு அங்கே புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், வேலையை மேற்பார்க்கிற தண்டல் பார்த்தால் திட்டுத்தான். பால் பிடிக்கிற மங்கைத் துடைத்து வைப்பது, காண்டாக் கம்பில் வாளி மாட்டித் தோளில் சுமப்பது, மழை வந்தால் அன்றைய பால் போச்சு, எல்லாம் வந்தது. "பாட்டி, இருட்டுல பயமா இல்லையா?" என்று கேட்டது யார் தெரியுமா, அவருடைய சொந்தப் பேரன். ஒரே வீட்டில் இருக்கிறார்கள், அவனுக்கு இது எதுவுமே தெரியாது!

அடுத்த வாரம் பிள்ளைகளிடம் தாளை மடித்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்து, வீட்டுப் பெரியவர் சொல்கிற கதையை எழுதுங்கள் என்றோம். பேரன் எழுதினான், பாட்டி சொன்னார். அட்டையில் நெற்றி விளக்கோடு ஒரு முகம். எழுத்துத் தெரியாத அந்தப் பாட்டி அவனைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார், பாதியில் நிறுத்தி, "நாலு மணின்னு சொன்னேன், அஞ்சுன்னு எழுதியிருக்க, அழிச்சிட்டு எழுது" என்றார். அவனும் அழித்து எழுதினான். எத்தனை கட்டுரைக்கு நான் சிவப்பு மை போட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பேன், எந்தப் பிள்ளையும் அவ்வளவு அக்கறையாகத் திருத்தி எழுதியதில்லை. அந்தப் பாட்டி வெளியே நாற்காலியிலேயே இருந்திருந்தால் இது நடக்குமா? அதனால்தான் சொல்கிறேன், உள்ளே வாருங்கள்.

பாப்பாவுக்கு ஒரு வயசுதான், அதற்கு என்ன புரியும் என்று கேட்கும் தாய்மார்களுக்கும் ஒரு சேதி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-இல், பிறந்ததிலிருந்தே பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லுமாறு மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. பாப்பா அட்டையைக் கடிக்கட்டும், பக்கத்தைத் திருப்பி விளையாடட்டும், அழுதால் வெளியே தூக்கிப்போய்ச் சமாதானம் செய்துவிட்டு மறுபடி வாருங்கள், யாரும் முகம் சுளிக்கமாட்டோம்.

நூலகம் என்றால் மலாய்ப் புத்தகம், ஆங்கிலப் புத்தகம், நமக்கு அங்கே என்ன வேலை என்று நினைக்கிறீர்கள், அதுவும் எனக்குத் தெரியும். யுனெஸ்கோவும் உலக நூலகச் சங்கமும் சேர்ந்து 1994-இல் வெளியிட்ட பொது நூலக அறிக்கை, வயது, இனம், மதம், மொழி எதைக் கொண்டும் பேதம் பார்க்காமல் எல்லாருக்கும் சேவை என்கிறது, சின்ன வயதிலேயே வாசிப்புப் பழக்கத்தை உண்டாக்குவதை நூலகத்தின் முதல் கடமைகளில் வைக்கிறது. 1931-இல் தஞ்சாவூர்ச் சீமையில், மன்னார்குடிப் பக்கம், மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். நூலக மேதை எஸ்.ஆர். ரங்கநாதன் காலத்துச் சங்கதி அது. நம்மில் பல பேருடைய தாத்தா பாட்டி கப்பலேறி வந்த சீமையும் அதுதானே. நூலகம் நமக்குப் புதுசு இல்லை, உரிமையோடு போய் உட்காரலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். பள்ளி விடுமுறை நிகழ்ச்சிகள் பற்றியும் அப்பாமார்கள் கதை சொல்வது பற்றியும் குறித்து வைத்திருந்தேன், அதற்கு இன்று இடமில்லை. ஒன்றை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர் நூலகத்துக்குப் போகும்போது உங்கள் அடையாள அட்டையையும் பிள்ளையின் அடையாள அட்டையான மைகிட்டையும் எடுத்துப்போய், குடும்பத்தோடு உறுப்பினர் ஆகிவிடுங்கள். தமிழ்ப் புத்தகம் அலமாரியில் இருந்தால் வீட்டுக்கு இரவல் எடுங்கள், அங்கேயே புரட்டிவிட்டு வைத்துவிடாதீர்கள், இரவல் போகிற கணக்கைப் பார்த்துத்தான் அடுத்த முறை வாங்குவதா என்று யோசிப்பார்கள். இல்லையென்றால் முகப்பில் கேளுங்கள், எழுதிக் கொடுங்கள், நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. தமிழில் கதை நேரம் வேண்டும் என்றும் அதே தாளில் எழுதிவிடுங்கள், கதை சொல்ல யார் வருவார்கள் என்று கேட்டால் உங்கள் வீட்டுப் பாட்டியின் பெயரைக் கொடுங்கள். வணக்கம்.