உறைந்த ஏரியில் தூண்டில்: மினசோட்டாவின் குளிர்கால மீன்பிடிப்பு, கடலூர்க்காரர்களுக்கான விளக்கம்

(காட்சி: கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகம், விடியற்காலை. ஐஸ் பார்கள் அரவை இயந்திரத்துக்குள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன.)

வணக்கம். கடலூர் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றாமல் விசைப்படகு தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பதற்கு, கிளம்பாது. ஆலையிலிருந்து வரும் பார்களை அரைத்துப் படகின் அடியறையில் கொட்டிக்கொண்டு போய், பிடிபட்ட வஞ்சிரத்தையும் சங்கராவையும் அதற்குள் புதைத்துக் கரை சேர்ப்பது இங்கே காலம் காலமாக நடக்கும் வேலை. மீன் பிடித்த பிறகு, அது கெடாமல் இருப்பதற்காகத் தேவைப்படும் பொருள்தான் நமக்கு ஐஸ். அமெரிக்காவின் வடக்கு எல்லையில் இருக்கும் மினசோட்டா மாநிலத்தில், குளிர்காலத்தில், ஐஸ் உருவான பிறகுதான் மீன்பிடிப்பே தொடங்குகிறது. ஏரியின் மேற்பரப்பு உறைந்ததும் மக்கள் அதன்மேல் நடந்துபோய், துளையிட்டு, அடியில் இருக்கும் நீரில் தூண்டில் இறக்குகிறார்கள்.

எங்களோடு கடலூரில் படித்துவிட்டு இப்போது மினியாபொலிஸ் பக்கம் வேலை பார்க்கும் நண்பர்கள் சிலர், ஒரு ஜனவரி மாத வார இறுதியில் ‘லேக் ஆஃப் த வுட்ஸ்’ என்ற ஏரிக்கரையிலுள்ள விடுதிக்குப் போய்வந்து, அங்கே எடுத்த காட்சிகளை அனுப்பியிருக்கிறார்கள். அவற்றை வைத்து இந்த விளக்கத்தைத் தயாரித்திருக்கிறோம். இதில் மீன் பிடிக்கத் தெரிவதைவிடக் காலுக்குக் கீழே இருக்கும் பனிக்கட்டியை அறியத் தெரிவதுதான் பெரிய வித்தை என்பது எங்கள் கருத்து. ஆகவே நேரத்தில் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறோம். தூண்டிலுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் வருவோம்.

(காட்சி: வெள்ளை வெளி. தொலைவில் வரிசையாகச் சிறு குடில்கள்.)

திரையில் நீங்கள் பார்ப்பது தரை இல்லை, ஏரி. மினசோட்டா, கனடாவின் ஒன்டாரியோ, மனிடோபா ஆகிய மூன்று பகுதிகளுக்கும் பொதுவான இந்த ஏரியின் நீளம் 100 கிலோமீட்டருக்கும் அதிகம். இதற்குள் பல்லாயிரம் தீவுகள் இருக்கின்றன. மார்கழியில் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இறங்கினாலே குல்லாயைத் தேடும் நமக்கு, ஜனவரி இரவுகளில் இங்கே மைனஸ் 20 டிகிரி சாதாரணம் என்பதை மனத்தில் வாங்கிக்கொள்ளவே சற்று நேரம் பிடிக்கும்.

இவ்வளவு குளிரில் ஏரி ஏன் அடிவரை உறைந்துவிடுவதில்லை? மீன்கள் எப்படி உயிரோடு இருக்கின்றன? தண்ணீருக்கே உரிய ஒரு விசித்திரக் குணத்தில்தான் இதற்கு விடை இருக்கிறது. பெரும்பாலான பொருட்கள் குளிரக் குளிரச் சுருங்கி அடர்த்தி கூடுகின்றன. நன்னீரும் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ் வரை அப்படித்தான் நடந்துகொள்கிறது. அதற்கும் கீழே குளிரும்போது மட்டும் மீண்டும் விரியத் தொடங்கி, அடர்த்தி குறைந்து மேலே மிதக்கிறது. எனவே இலையுதிர்காலத்தின் இறுதியில் ஏரி முழுவதும் 4 டிகிரிக்கு வந்தபின், மேலும் குளிரும் நீர் கீழே இறங்காமல் மேற்பரப்பிலேயே தங்கி, அங்கேயே 0 டிகிரியைத் தொட்டு உறைகிறது. உறைந்த பனிக்கட்டியின் அடர்த்தி நீரைவிடச் சுமார் 8 விழுக்காடு குறைவு என்பதால் அதுவும் மிதக்கிறது. அப்படி மிதக்கும் படலம் கீழே உள்ள நீருக்கும் மேலே வீசும் காற்றுக்கும் இடையே தடுப்பாக நின்றுவிடுவதால், தடிமன் கூடக் கூட உறைதலின் வேகமும் குறைந்துகொண்டே போகிறது. அடியாழத்தில் 4 டிகிரியை ஒட்டிய நீரில் மீன்கள் உடலியக்கத்தைக் குறைத்துக்கொண்டு, குறைவாக உண்டு, குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

கடற்கரைக்காரர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும்: கடலுக்கும் இது பொருந்துமா? பொருந்தாது. கடல்நீரில் உள்ள உப்பின் காரணமாக அது உறையும்வரை அடர்த்தி கூடிக்கொண்டே போகிறது. உறைநிலையும் மைனஸ் 2 டிகிரியை ஒட்டி இறங்கிவிடுகிறது. துருவப் பகுதிக் கடல்கள் உறைவது வேறு கதை.

கிளைக்கதை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க ஏரிகளின் பனிக்கட்டி நம் கரைக்கு வந்த காலம் ஒன்று உண்டு. பாஸ்டன் நகர வணிகர் பிரெடெரிக் டியூடர், உறைந்த ஏரிகளிலிருந்து அறுத்தெடுத்த பனிக்கட்டிகளை மரத்தூளில் பொதிந்து, கப்பலில் 1833-இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். பின்னர் சென்னைக்கு வந்த சரக்கைச் சேமிக்க 1842-இல் கட்டப்பட்ட கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். மெரினா பக்கம் போகிறவர்கள் அடுத்த முறை அதைப் பார்க்கும்போது, அதன் சரக்கு எங்கோ ஓர் ஏரியின் மேற்பரப்பாக இருந்தது என்பதையும் எண்ணிப்பார்க்கலாம்.

(காட்சி: கடப்பாரையால் பனிக்கட்டியைக் குத்திக்கொண்டே ஒருவர் அடிமேல் அடி வைத்து நடக்கிறார்.)

எவ்வளவு தடிமன் இருந்தால் ஏரியின்மேல் நடக்கலாம்? மினசோட்டா இயற்கை வளத்துறையின் வழிகாட்டுதலின்படி, புதிதாக உறைந்த தெளிந்த பனிக்கட்டி 4 அங்குலம் இருந்தால் ஓர் ஆள் நடக்கலாம். ஸ்னோமொபைல் என்னும் பனிவண்டிக்கு 5 முதல் 7 அங்குலம் வேண்டும். சிறிய கார் என்றால் 9, 10 அங்குலமும், பெரிய வண்டிகளுக்கு ஓர் அடிக்கு மேலும் தேவை. இந்த எண்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு ஏரியில் இறங்குவது ஆபத்து, ஏனென்றால் இவை தெளிந்த பனிக்கட்டிக்கு மட்டுமே பொருந்தும். வெண்பனி விழுந்து, நனைந்து, மீண்டும் உறைந்த வெள்ளை நிறப் பனிக்கட்டிக்குப் பாதி வலுதான் உண்டு. அங்கே இருமடங்கு தடிமன் வேண்டும். மேலும், ஒரே ஏரியில் ஓரிடத்தில் ஓர் அடியும் சற்றுத் தள்ளி இரண்டே அங்குலமும் இருக்கக்கூடும். ஆறு வந்து கலக்கும் முகத்துவாரம், அடியில் ஊற்று இருக்கும் இடம், நாணல் அடர்ந்த ஓரம், இரு தீவுகளுக்கு இடையே நீரோட்டம் ஓடும் குறுகிய வழி ஆகியவை எல்லாம் மெலிந்தே உறையும். மேலே படிந்த வெண்பனி பார்வைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும், குளிர் உள்ளே இறங்காமல் தடுத்து, அடியில் உறைதலைத் தாமதப்படுத்துகிறது. அதனால்தான் அனுபவசாலிகள் முன்னால் கடப்பாரையால் ஓங்கிக் குத்திவிட்டே அடுத்த அடியை வைக்கிறார்கள்; இடையிடையே துளையிட்டு அளந்தும் பார்க்கிறார்கள்.

விடுதிக்குக் கொடுக்கும் பணம் இந்த வேலைக்கும் சேர்த்துத்தான். ஏரியின்மேல் பல கிலோமீட்டருக்குப் பாதை வகுப்பது, தினமும் தடிமனை அளப்பது, வெண்பனியை ஒதுக்குவது, பெரிய விரிசல் விட்ட இடங்களில் பாலம் போடுவது, மீன் கூட்டம் இடம் மாறினால் பனிக்கட்டியின்மேல் நிறுத்திய மீன்பிடிக் குடில்களையும் இழுத்துக்கொண்டுபோய் மாற்றுவது ஆகிய அனைத்தையும் விடுதி ஊழியர்களே செய்கிறார்கள். முதன்முறை போகிறவர்கள் சிக்கனம் பார்த்துத் தாங்களாகவே ஏரியில் இறங்காமல், இப்படிப்பட்ட விடுதி ஒன்றின் மூலம் போவதே நல்லது.

(காட்சி: குடிலின் உட்புறம். தரையில் வட்டத் துளைகள். சுவரோரம் எரிவாயு அடுப்பு, கட்டில்கள்.)

குடிலுக்குள் வந்துவிட்டோம். ‘ஆகர்’ என்ற திருகுத் துரப்பணத்தால் 8 அல்லது 10 அங்குல விட்டத்தில் போட்ட துளையை இப்போது அருகிலிருந்து பாருங்கள். மேல் விளிம்பில் பனிக்கட்டி பால் நிறமாகவும், கீழே போகப்போகக் கண்ணாடிப் பச்சையாகவும் தெரிகிறது. நீர், துளையின் வாய்க்குச் சற்றுக் கீழே வந்து நிற்கிறது. மிதக்கும் பொருளின் பெரும்பகுதி நீருக்குள் அமிழ்ந்திருக்கும் என்பதால் அது அப்படித்தான் நிற்கும். குளிர் கூடினால் துளையின் நீர்ப்பரப்பில் சற்று நேரத்திலேயே மெல்லிய ஆடை படிகிறது. அதை அரித்தெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்று தனிக் கரண்டி கடைகளில் கிடைக்கிறது என்றாலும், நம் நண்பர்கள் சமையலறையிலிருந்து வடை அரிக்கும் ஜல்லிக் கரண்டியையே எடுத்துப்போயிருந்தார்கள். அதுவே போதுமானதாக இருந்ததாம்.

தூண்டில் கோல் இரண்டு, மூன்று அடிதான் நீளம். துளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் நீண்ட கோலுக்கு வேலையில்லை. மெல்லிய நரம்பின் நுனியில் ஈயத்தலையுடன் கூடிய முள், முள்ளில் கோத்த சிறு மீன், அவ்வளவுதான். அதைச் சுமார் 30 அடி ஆழத்தில் அடித்தரைக்குச் சற்று மேலே நிறுத்தி, அவ்வப்போது மெல்லச் சுண்டிவிட்டு, பிறகு அசையாமல் வைத்திருக்க வேண்டும். குளிரில் மீன்கள் மந்தமாக இருப்பதால் கடியும் மென்மையாகவே இருக்கும். பல நேரம் கோலின் நுனி லேசாகக் கனப்பது மட்டுமே அடையாளம். மினசோட்டாவில் கோடைகாலத்தில் ஒருவருக்கு ஒரு தூண்டில்தான் என்றாலும் குளிர்காலத்தில் இரண்டு அனுமதி. இரண்டாவதற்குப் பெரும்பாலும் ‘டிப் அப்’ என்ற கருவியைத் துளையின்மேல் வைத்துவிடுகிறார்கள். மீன் இழுத்தால் அதில் ஒரு சிறு கொடி நிமிர்ந்து நிற்கும். அடியில் மீன் வருவதை வண்ணக் கோடுகளாகக் காட்டும் சோனார் கருவியும் இப்போது பரவலாகிவிட்டது. அது வசதிதான். ஆனால் தூண்டில் போட்டுவிட்டுக் காத்திருப்பதன் சுவையை அது பாதியாக்கிவிடுகிறது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

இங்கே எல்லோரும் தேடிவருவது வாலாய் என்ற மீனை. அதன் விழித்திரைக்குப் பின்னால், பூனைக்கு இருப்பதைப் போலவே, ஒளியைத் திருப்பியனுப்பும் ஓர் அடுக்கு இருப்பதால் மங்கல் வெளிச்சத்தில் இரையை நன்றாகப் பார்க்கும். ஆகவே விடியற்காலையும் அந்திப்பொழுதும்தான் அது அதிகம் கடிக்கும் நேரம். நடுப்பகலில் குடிலில் சீட்டாட்டம் நடக்கிறது.

இரவில் வேறொன்று நடக்கும். இந்தப் பதிவில் கேட்கும் ஒலியைக் கவனியுங்கள். முதலில் அடியாழத்திலிருந்து கனத்த உறுமல். பின்பு அது நீண்ட கீச்சொலியாகி ஏரி முழுவதும் ஓடி மறைகிறது. “டேய் மச்சான், உடையுதுடா, வா போயிடலாம்” என்று நண்பர்களில் ஒருவர் பதறுவதும் பதிவாகியிருக்கிறது. உண்மையில் வெப்பநிலை மாறும்போது பனிக்கட்டி விரிந்தும் சுருங்கியும் விரிசல் விடுவதால் எழும் ஒலி அது. கடும் குளிரில் தடித்துவரும் நல்ல பனிக்கட்டியும் இப்படித்தான் முழங்கும். ஆனால் ஒலி கேட்டாலே பாதுகாப்பு என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அளந்து பார்த்த தடிமன் ஒன்றையே நம்ப வேண்டும்.

ஒருவேளை உடைந்து விழுந்தால்? மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்கிறார். குளிர்நீரில் விழுந்ததும் மூச்சு திணறும். அதைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கைகால்கள் சொன்னபடி கேட்பது அடுத்த 10 நிமிடம். உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ 1 மணி நேரம். ஆகவே முதல் நிமிடத்தில் பதறாமல் மூச்சைச் சீராக்கிக்கொண்டு, வந்த திசைக்கே திரும்ப வேண்டும். அதுவரை நம்மைத் தாங்கிய பனிக்கட்டி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கழுத்தில் மாட்டியிருக்கும், நுனியில் கூரிய ஆணி பொருத்திய இரு கைப்பிடிகளைப் பனியில் குத்தி, நீச்சலடிப்பதைப் போலக் காலை உதைத்து மேலேறியதும், எழுந்து நிற்காமல் உருண்டே விலகிச் செல்ல வேண்டும்.

குடிலுக்குள் இருக்கும் ஆபத்து இன்னும் சத்தமில்லாதது. மூடிய சிறு அறையில் எரிவாயு அடுப்பு எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரக்கூடும். அதற்கு நிறமும் மணமும் கிடையாது. காற்றுப்போக்கியைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதும், எச்சரிக்கைக் கருவி இயங்குகிறதா என்று சோதிப்பதும் படுக்கும் முன் செய்தாக வேண்டியவை. உடையைப் பொறுத்தவரை ஒன்று மட்டும் சொல்கிறோம்: பருத்திப் பனியன் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும், உடலை இன்னும் குளிரச் செய்யும், உள்ளாடை முதல் கம்பளியாகவோ செயற்கை இழையாகவோ இருக்கட்டும்.

(காட்சி: வாணலியில் மசாலா தடவிய மீன் துண்டுகள்.)

வாலாய் வெண்சதை மீன். முள் குறைவு, கவிச்சி மிகக் குறைவு. அங்கே மாவில் தோய்த்துப் பொரிப்பது வழக்கம். நம் நண்பர்கள் மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் இஞ்சி பூண்டு விழுதும் தடவி, குடிலிலேயே வறுத்திருக்கிறார்கள். ருசியில் குறையில்லை, ஆனால் கிழங்கான் வறுவலின் மணம் இதில் வராது என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சட்டம் பற்றிச் சில செய்திகள். மீன்பிடி உரிமம் கட்டாயம். வெளியூர்க்காரர்களுக்கு 72 மணி நேர உரிமமும் உண்டு என்பதால் வார இறுதிக்கு அதுவே போதும். இந்த ஏரியில் 19.5 முதல் 28 அங்குலம் வரையுள்ள வாலாய் பிடிபட்டால் உடனே நீரில் விட்டுவிட வேண்டும். முட்டையிடும் வயதை எட்டிய பெண் மீன்கள் பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கும். விதிகள் ஆண்டுக்காண்டு மாறக்கூடும் என்பதால் புறப்படும் முன் மாநில அரசின் அப்போதைய கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பனிக்கட்டி உருகி, வாலாய் ஆறுகளுக்குள் ஏறி முட்டையிடும் வசந்தத்தில் இந்த எல்லை ஏரியில் அதைப் பிடிக்கத் தடை. பருவத்தின் கடைசி நாள் ஏப்ரல் 14. அதற்கு மறுநாள், ஏப்ரல் 15 அன்று, கடலூரிலும் புதுச்சேரியிலும் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் தொடங்குகிறது.